சரக்கு விமானத்தின் விமானி ஆக என்ன தகுதி வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நள்ளிரவு தாண்டிய பின் சென்னை மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் விழித்திருப்பவர்களுக்கு ஒரு சத்தம் பழக்கம். ஊர் அடங்கிய நேரத்தில், பக்கவாட்டில் ஜன்னலே இல்லாத விமானம் ஒன்று தலைக்கு மேல் ஏறிப் போகும். நாளைக் காலை யார் வீட்டு வாசலுக்கோ போய்ச் சேர வேண்டிய கூரியர் பார்சல்கள்தான் அதில் பயணிகள். அதை ஓட்டுபவர் என்ன படித்தார், எவ்வளவு செலவழித்தார், அந்த இருக்கையில் எப்படிப் போய் உட்கார்ந்தார் என்று பிளஸ் டூ மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோர் கேட்கிறார்கள். இங்குள்ள பதில்கள் இந்திய விதிகளை ஒட்டியவை. வேறு நாட்டு விதி வருமிடத்தில் அந்த நாட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

சரக்கு விமானம் ஓட்டத் தனி லைசென்ஸ் உண்டா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., வழங்குவது வணிக விமானி உரிமம். புழக்கத்தில் சி.பி.எல். ஆள் ஏற்றினாலும் அட்டைப்பெட்டி ஏற்றினாலும் உரிமம் அதுவேதான். இண்டிகோவின் ஏ321 பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கும் (அந்த விமான மாதிரிக்கென்று உரிமத்தில் பதியும் தகுதி) அதே நிறுவனத்தின் ஏ321 சரக்கு விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும் ஒன்றுதான்.

ஆகவே, ‘கார்கோ பைலட் கோர்ஸ்’ என்று யாராவது தனியாக விற்க வந்தால், அந்தப் படிப்பின் முடிவில் டி.ஜி.சி.ஏ. எந்த உரிமத்தைத் தரும் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம். ‘கார்கோ மேனேஜ்மென்ட்’ டிப்ளமோ என்பது வேறு. அது சரக்குக் கிடங்கிலும் விமான நிலைய அலுவலகத்திலும் வேலைக்குப் போவதற்கானது. நல்ல வேலைதான், ஆனால் அங்கிருந்து காக்பிட்டுக்குப் படிக்கட்டு கிடையாது.

பிளஸ் டூவில் என்ன பாடம் எடுத்திருக்க வேண்டும்? பொறியியல் பட்டம் தேவையா?

இயற்பியலும் கணிதமும் வேண்டும். பட்டம் கட்டாயமில்லை. இந்தப் பாட விதியைத் தளர்த்தலாமா என்ற பேச்சு 2025-இல் எழுந்தது. ஆனால் பேச்சை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். ஆணை வெளிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் மகள் வணிகவியல் படித்துவிட்டாள். வழி அடைந்துவிட்டதா?

அடையவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியல், கணிதம் இரண்டையும் மட்டும் தனியாக எழுதித் தேறலாம். பலர் அப்படித் தேறி விமானி ஆகியிருக்கிறார்கள். ஓர் ஆண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மருத்துவப் பரிசோதனையை எப்போது செய்துகொள்வது?

எல்லாவற்றுக்கும் முன். பயிற்சிப் பள்ளிக்கு முதல் தவணை கட்டும் முன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆனாலும் இரண்டு தவணை கட்டிய பிறகு மெடிக்கலுக்குப் போய்க் கண் கலங்கி வருகிறவர்கள் குறையவில்லை.

முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். பயிற்சியைத் தொடங்க இது போதும். வணிக உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்று வேண்டும். அதற்கு விமானப்படையின் மருத்துவ மையங்களுக்கோ அங்கீகாரம் பெற்ற மற்ற மையங்களுக்கோ போக வேண்டும். முடிந்தால் முதல் வகுப்பையும் சீக்கிரமே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். இரண்டாம் வகுப்பில் தேறியவர் முதல் வகுப்பில் நிற்பதும் உண்டு.

கண்ணாடி போடுபவர்களுக்கு அச்சம் வேண்டாம். கண்ணாடியுடன் பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும். வழுக்குப்பாறை வேறு இடத்தில் இருக்கிறது: நிறக்குருடு. புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையை அருகிலுள்ள கண் மருத்துவரிடமே செய்து பார்க்கலாம். ஓடுபாதையின் பக்கத்தில் இருக்கும் வழிகாட்டு விளக்குகள், விமானம் சரியான உயரத்தில் இறங்குகிறதா என்பதைச் சிவப்பும் வெள்ளையுமாகத்தான் சொல்கின்றன. சரக்கு விமானி அந்த விளக்குகளைப் பெரும்பாலும் இருட்டில்தான் பார்க்கப்போகிறார்.

எழுத்துத் தேர்வுகள் எவை?

விமான வழிச்செலுத்தல், வானிலையியல், விமான விதிமுறைகள், பொதுத் தொழில்நுட்பம், நீங்கள் பயிலும் குறிப்பிட்ட விமானம் பற்றிய தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு வேண்டும். இவை தவிர, வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வு. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்திய இந்தத் தேர்வு, 2024-ஆம் ஆண்டின் புதிய விமானச் சட்டத்துக்குப் பிறகு டி.ஜி.சி.ஏ.விடம் வந்துவிட்டது. ஆங்கிலப் பேச்சுத்திறனில் சர்வதேச அளவுகோலின்படி குறைந்தது நான்காம் நிலை தேவை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய தடை இல்லை. தெளிவாகப் பேசுவதைத்தான் பார்க்கிறார்கள். இலக்கண அலங்காரத்தை அல்ல.

தேர்வு எழுதும் முன் ‘கம்ப்யூட்டர் நம்பர்’ என்ற பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களின் உண்மைத்தன்மையைத் தேர்வு வாரியம் உறுதிசெய்ய வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். குமார்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் இனிஷியல் பின்னால். ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். பெயரை எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு விண்ணப்பித்தால் அலைச்சல் மிச்சம்.

எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும்?

மொத்தம் 200 மணி. அதில் 100 மணி நீங்களே விமானத்தின் பொறுப்பாளராக இருந்து பறந்திருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் பறத்தல், அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், இடையில் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி ஏறுவது. இரவில் 5 மணி நேரம். கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி. அப்படிப் பறப்பதற்கான தகுதிப் பதிவை, அதாவது கருவி ரேட்டிங்கை, நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. அதற்கு 40 மணி கருவிப் பறத்தலும், பொறுப்பாளராக 50 மணி தொலைவுப் பறத்தலும் வேண்டும். இரட்டை எஞ்சின் விமானத்திலும் பயில வேண்டும். குறைந்தபட்ச வயது 18.

கவனியுங்கள்: 200 மணியில் வெறும் 5 மணிதான் இரவு. இரவிலேயே வாழப்போகிற ஒருவருக்குச் சட்டம் கேட்கும் இரவு அனுபவம் இவ்வளவுதான். மீதியை வேலைதான் கற்றுக்கொடுக்கிறது.

பயிற்சி இந்தியாவிலா, வெளிநாட்டிலா?

இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. அரசு நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாதமி உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. தனியார் பள்ளிகள் பல. வெளிநாடு என்றால் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து போன்றவை. அங்கே 200 மணியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆனால் திரும்பி வந்து அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற மறுபடி தேர்வு எழுத வேண்டும், பறந்து காட்ட வேண்டும். அந்த மாற்றும் காலத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ‘சீக்கிரம்’ கொஞ்சம் சுருங்கிவிடும்.

எந்தப் பள்ளியானாலும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்சியாளர், போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி பறந்தார் என்று கேளுங்கள். விமானம் பழுது, பயிற்சியாளர் இல்லை, மழை என்று ஒன்றரை ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டாக நீள்வது இந்தத் துறையின் பழைய நோய். 2025 முதல் டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மொத்தச் செலவு?

உரிமம் வரை பொதுவாக 50 முதல் 80 லட்சம் ரூபாய். டைப் ரேட்டிங்கைச் சொந்தச் செலவில் செய்தால் அதற்கு மேலும் 15 லட்சம் அல்லது கூடுதலாக. வங்கிக் கடன் கிடைக்கும். பெரும்பாலும் சொத்தை ஈடு கேட்பார்கள். உரிமம் கைக்கு வந்த மறுநாளே வேலை வரும் என்று கணக்குப் போட்டு வீட்டை அடகு வைக்காதீர்கள். உரிமத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஓடிவிடக்கூடும். அந்தக் காலத்துக்கும் தவணை கட்டப் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

டைப் ரேட்டிங் என்றால் என்ன? சரக்கு வேலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

பயிற்சிப் பள்ளியில் ஓட்டியது சிறிய விமானம். போயிங் 737 போன்ற ஒன்றை ஓட்ட, அந்த மாதிரிக்கென்று வகுப்பும் சிமுலேட்டர் பயிற்சியும் முடித்து உரிமத்தில் பதிய வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். ஒரு மாதிரிக்கு வாங்கியது இன்னொன்றுக்குச் செல்லாது. ஆனால் குடும்பங்கள் உண்டு: ஏ320-க்கு வாங்கினால் ஏ321-உம் அதில் வரும், போயிங் 757-உம் 767-உம் ஒரே ரேட்டிங்.

இந்தியச் சரக்கு வானில் 737-உம் ஏ320 குடும்பமும் முன்னணியில். இவை இரண்டும் பயணிகள் விமானங்களாகவும் ஏராளமாகப் பறப்பதால், இந்த ரேட்டிங் வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். 757 அப்படியல்ல, இந்தியாவில் அது சரக்குக்கே ஒதுங்கிவிட்ட விமானம். வேலை உறுதி ஆகாமல் சொந்தப் பணத்தில் 757 ரேட்டிங் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியாவில் எந்த நிறுவனங்கள் சரக்கு விமானம் ஓட்டுகின்றன?

மூத்தது ப்ளூ டார்ட் ஏவியேஷன், தலைமையிடம் சென்னை. 1996-இல் போயிங் 737-200 விமானங்களுடன் தொடங்கி, 757-200-க்கு வளர்ந்து, அண்மையில் 737-800-களையும் சேர்த்துக்கொண்டது. ஸ்பைஸ்ஜெட்டின் சரக்குப் பிரிவு 2018-இல் வந்தது. 2022-இல் இண்டிகோ, பயணிகள் விமானத்தை மாற்றியமைத்த ஏ321 சரக்கு விமானத்தைக் கொண்டுவந்தது. ஒரு தடவைக்கு 27 டன் வரை தூக்கும். அதே ஆண்டு பிரதான் ஏர் எக்ஸ்பிரஸ், மாற்றியமைத்த ஏ320-உடன் வந்தது. பெங்களூரின் குயிக்ஜெட், 2023 ஜனவரியில் அமேசான் ஏர் இந்தியாவில் தொடங்கியபோது அதற்காக 737-800 ஓட்டியது. சென்னையிலிருந்தே ஆஃப்காம் என்ற புதிய நிறுவனமும் 737-800-உடன் இறங்கியிருக்கிறது.

பட்டியல் நீளமாகத் தெரிகிறதா? நாட்டில் பயணிகள் விமானங்கள் எழுநூற்றுக்கு மேல். சரக்கு விமானங்களையோ குறிப்பேட்டின் ஒரு தாளில் எழுதி முடித்துவிடலாம். நம் நாட்டில் வான்வழிச் சரக்கில் பெரும்பங்கு பயணிகள் விமானத்தின் வயிற்றில், நம் பெட்டிகளோடு பெட்டியாகப் போய்விடுகிறது. தனிச் சரக்கு நிறுவனம் தொடங்கி மூடியவர்களும் உண்டு. கேப்டன் கோபிநாத் 2009-இல் நாக்பூரை மையமாக வைத்துத் தொடங்கிய டெக்கான் 360 இரண்டே ஆண்டில் நின்றது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. ‘சரக்கு விமானி மட்டுமே ஆவேன்’ என்று இந்தியாவில் சபதம் எடுப்பது, ஒரே ஒரு வீதியில் மட்டும் வீடு தேடுவதைப் போன்றது.

சி.பி.எல். முடித்த கையோடு சரக்கு நிறுவனத்தில் சேர முடியுமா?

முடியும் என்று சொல்ல ஆசைதான். அபூர்வம்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஏணி இருக்கிறது. பார்சல் நிறுவனமான ஃபெடெக்ஸின் சார்பில் சின்ன ஊர்களுக்குப் பார்சல் கொண்டுபோகும் ஒற்றை எஞ்சின் செஸ்னா கேரவன் விமானங்களை ஒப்பந்த நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒரே ஒரு விமானி. இரவு, மழை, மலை எல்லாம் அவர் பாடு. மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் இத்தகைய பணியில் பொறுப்பு விமானியாக இருக்க அங்கே 1,200 மணி அனுபவம் வேண்டும். பலர் பயிற்சியாளராக இருந்து அந்த மணிகளைச் சேர்த்து, கேரவனில் சில ஆண்டு உழைத்து, பிறகு பெரிய ஜெட்டுக்குப் போகிறார்கள்.

நம்மிடம் அந்தக் கீழ்ப்படி இல்லை. இங்கே சரக்கு என்றாலே முதல் விமானம் 737 அல்லது ஏ320. சின்னச் சரக்கு விமானங்கள் தஞ்சாவூருக்கும் தர்மபுரிக்கும் பறப்பதில்லை. அந்த வேலையை லாரி செய்துவிடுகிறது. அதனால் இங்கே நடக்கும் வழி வேறு: பயணிகள் நிறுவனத்தில் கோ-பைலட்டாகச் சேர்ந்து மணிகளைச் சேர்ப்பது, பிறகு மாறுவது, அல்லது பயணிகள், சரக்கு இரண்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில் உள்ளேயே மாறுவது, அல்லது விமானப்படையின் போக்குவரத்து விமானங்களில் பணியாற்றி ஓய்வுபெற்று வருவது.

கேப்டன் ஆக வேண்டுமானால் ஏ.டி.பி.எல். என்னும் உயர் உரிமம் வேண்டும்: குறைந்தது 21 வயது, 1,500 மணி பறத்தல். நிறுவனங்கள் தம் பங்குக்கு இன்னும் அதிக மணிகளைக் கேட்கும்.

பயணிகள் விமானிக்குத் தேவைப்படாத, சரக்கு விமானி மட்டும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஏதாவது?

சரக்கு.

பயணி தானாக நடந்து வந்து, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொள்வார். இரும்புப் பெட்டி அப்படிச் செய்யாது. மாட்டுவண்டி ஓட்டிய தாத்தாக்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். சரக்கு விமானத்திலும் கதை அதுதான், விலைதான் வேறு. வால்பக்கம் பாரம் கூடினால் நின்ற இடத்திலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடும். ஏற்றி இறக்கும்போது வாலுக்கு அடியில் முட்டுக்கொடுப்பது அதற்காகத்தான். எந்தப் பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) எங்கே, எவ்வளவு எடை, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று சொல்லும் லோட் ஷீட்டில் கேப்டன் கையெழுத்திடுகிறார். ஏற்றியது மற்றவர்கள், பொறுப்பு இவருடையது.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் இருந்து ஒரு போயிங் 747 சரக்கு விமானம் ஐந்து கவச வாகனங்களுடன் கிளம்பியது. அவற்றைக் கட்டிய பட்டைகள் போதவில்லை. மேலேறும்போதே ஒரு வாகனமாவது அவிழ்ந்து பின்னோக்கி உருண்டு வால்பகுதியின் இயக்கக் கருவிகளை நொறுக்கியது. ஏழு பேரும் இறந்தார்கள். விமானியின் கைத்திறனால் அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்தது ஆபத்தான பொருட்கள் பற்றிய பயிற்சி. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. விமானத்தில் அப்படி ஏதாவது இருந்தால், அது என்ன, எங்கே இருக்கிறது என்பதைப் புறப்படும் முன் கேப்டனிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய, அமெரிக்கப் பார்சல் நிறுவனமான யு.பி.எஸ்.ஸின் 747 விமானத்தில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. தீ பிடித்தது, காக்பிட்டில் கருவிகளே தெரியாத அளவுக்குப் புகை. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். பயணிகள் விமானத்தின் கீழ்த்தளச் சரக்கு அறையில் தீயணைக்கும் வாயு பாய்ச்ச ஏற்பாடு உண்டு. சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் வழக்கமான முறை வேறு: காற்றழுத்தத்தை இறக்கி, ஆக்சிஜனைக் குறைத்து, தீயைப் பட்டினி போடுவது. விமானிகள் முகமூடியோடு பறக்க வேண்டும். நம் கையில் இருக்கும் செல்போன் எந்த வேதிப்பொருளால் ஓடுகிறது என்பதைச் சரக்கு விமானி அளவுக்கு யோசிப்பவர்கள் குறைவு.

ஏன் எப்போதும் இரவிலேயே பறக்கிறார்கள்?

பார்சல் பகலில் சேர்கிறது, மறுநாள் பகலில் போய்ச் சேர வேண்டும். நடுவில் இருப்பது இரவு மட்டும். 1973 ஏப்ரலில் ஃபெடெக்ஸ் 14 சிறிய ஜெட்களை மெம்ஃபிஸ் நகரில் இரவில் ஒன்றுகூட்டி, பார்சல்களைப் பிரித்து, விடியும் முன் திருப்பி அனுப்பியது. முதல் இரவில் 186 பார்சல்கள். இன்றும் விரைவுச் சரக்கின் எலும்புக்கூடு இதுதான்.

உடம்பு இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. அதிகாலை 2 முதல் 6 மணி வரை மனித உடலின் விழிப்பு அடிமட்டத்துக்குப் போகும். சரக்கு விமானி தரையிறங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில். 2013 ஆகஸ்ட் 14 அன்று விடியும் முன் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் விழுந்த யு.பி.எஸ். விமானத்தின் விசாரணையில் களைப்பும் ஒரு காரணியாகச் சொல்லப்பட்டது. அதற்குச் சில மாதங்களில் அங்கே நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வு விதிகள் பயணிகள் விமானிகளுக்கு மட்டும் கட்டாயமாயின; சரக்கு விமானிகளை வெளியே விட்டுவிட்டார்கள். தூக்கம் என்னவோ இருவருக்கும் ஒன்றுபோலத்தான் வருகிறது.

பகலில் தூங்கும் பழக்கமும், அதற்கு இடம் கொடுக்கும் வீடும் இந்த வேலைக்கு எழுதப்படாத தகுதிகள். பக்கத்துத் தெருவில் கோயில் திருவிழா ஒலிபெருக்கி என்றால் அந்த வாரம் சோதனைதான்.

ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். நிறுவனங்களில் சேர என்ன வேண்டும்?

அமெரிக்க விதிப்படி அங்குள்ள பெரிய விமான நிறுவனங்களில் கோ-பைலட்டுக்கே உயர் உரிமம் வேண்டும். அதற்கு 1,500 மணி, 23 வயது. சில பிரிவினருக்கு மணியில் சலுகை உண்டு. 2009-இல் நடந்த ஒரு விபத்துக்குப் பின் வந்த கட்டுப்பாடு இது. இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் போட்டி கடுமை. வேலை கிடைப்பவர்கள் பெரும்பாலும் பல ஆயிரம் மணி அனுபவத்துடன் வருகிறார்கள். மணிகளைவிடப் பெரிய தடை, அமெரிக்காவில் வேலை செய்யும் சட்ட உரிமை. கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவருக்குக் கதவு அநேகமாக மூடியிருக்கும். வளைகுடா நாடுகளின் நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளை எடுப்பது வழக்கம். அங்கே பயணிகள் விமானத்தில் சேர்ந்து சரக்குப் பிரிவுக்குப் போன இந்தியர்கள் உண்டு.

பெண்களுக்குத் தனி விதி ஏதாவது?

இல்லை. இந்திய விமானிகளில் சுமார் 15 விழுக்காடு பெண்கள். உலகச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

எனக்கு 34 வயது. தாமதமா?

சட்டப்படி இல்லை. வணிக விமானி 65 வயதுவரை பறக்கலாம். 60-க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. ஆனால் சில நிறுவனங்கள் புதிதாகச் சேர்க்கும் கோ-பைலட்டுக்கு உள் வயதுவரம்பு வைத்திருக்கும். கடனைக் கட்டி முடிக்க எத்தனை சம்பள ஆண்டுகள் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பயணிகளே இல்லாத விமானம்தானே, வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகலாமா?

சம்பளத்துக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கூடாது. விமானக் குழுவினர், நிறுவனம் அனுமதித்த ஊழியர்கள், சரக்கோடு கட்டாயம் போக வேண்டியவர்கள் ஆகியோருக்கு மட்டுமே இடம். பந்தயக் குதிரை பறந்தால் அதன் பராமரிப்பாளர் கூடவே வருவார். குதிரைக்கு உரிமை உண்டு, மாமியாருக்கு இல்லை.